விற்ற வீட்டில் எதை விட்டுச் செல்வது?

வீடு விற்பவருக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முடிகிறது. எத்தனை சென்ட், என்ன விலை, நான்கு எல்லை எவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கணக்குத் தீர்ந்தது. மற்றக் கணக்கு அதற்கு முந்தின நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதே அது. இதற்கு முத்திரைத்தாள் கிடையாது, சாட்சியும் கிடையாது. அதனாலேயே மனிதனின் மனம் இந்த இடத்தில் உள்ளபடி வெளியே வந்துவிடுகிறது.

குமரி மாவட்டத்து ஊர்களில் அடிக்கடி நடக்கும் ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்ளலாம். தாயும் தகப்பனும் காலமான பிறகு பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு. பத்து சென்ட் புரையிடம், ஒரு கிணறு, ஐந்தாறு தென்னை, ஒரு பலா. பிள்ளைகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் வளைகுடாவில். வாங்குகிறவர் வங்கியில் கடன் எடுத்து, மனைவியின் நகையையும் விற்று வருகிற ஒரு கொத்தனார். விலை பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. இனி வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

இதில் சட்டம் ஓரளவு வழி சொல்லியிருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், வீட்டை விற்கும்போது அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, சன்னல், இன்னும் வீட்டின் நிரந்தர உபயோகத்துக்காக வைத்த பொருட்கள் எல்லாம் வீட்டோடு போகும். மண்ணில் வேர் விட்ட மரம் மண்ணோடு போகும். தரையில் பதித்த ஆட்டுரல் வீட்டைச் சேர்ந்தது. சும்மா வைத்த அம்மிக்கல் வீட்டுக்காரரைச் சேர்ந்தது. கட்டில், பீரோ, பாத்திரம் இவையும் அப்படியே. சண்டை வருவது இரண்டுக்கும் இடையில் நிற்கும் பொருட்களில்தான். கூரையில் தொங்கும் ஃபேன், கிணற்று மோட்டார், இன்வெர்ட்டர், மாடியில் வைத்த தண்ணீர்த் தொட்டி. இவற்றை உடன்படிக்கை எழுதும்போதே ஒரு வரியில் எழுதிக்கொண்டால் பாதி மனவருத்தம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் சட்டம் தொடாத இடம் நிறைய இருக்கிறது. அங்கே மனச்சாட்சிதான் அளவுகோல்.

பழைய வீடுகளில் ஆஞ்சிலியிலும் தேக்கிலும் செய்த நிலைக்கதவு இருக்கும். பழம்பொருள் வாங்குவோர் அதற்கு நல்ல விலை தருவார்கள். வீட்டைப் பார்க்க வந்த அன்று அந்தக் கதவைத் திறந்துதான் கொத்தனாரை உள்ளே அழைத்திருப்பார்கள். சாவி வாங்க வரும் நாளில் அங்கே ஒரு பிளைவுட் கதவு நின்றால் அவர் என்ன நினைப்பார்? வாய்விட்டுக் கேட்காமல் இருக்கலாம். பணம் முழுதும் கொடுத்தவர், புது இடத்துக்கு வருகிறவர், முதல் நாளே சண்டை வேண்டாம் என்று பொறுத்துக்கொள்ளலாம். அவர் பொறுத்ததனால் அது நியாயம் ஆகிவிடாது. அப்பன் தச்சனோடு கூட இருந்து செய்வித்த கதவு என்ற பாசம் உண்மையானால், விலை பேசும் முன்பே, "இந்தக் கதவு எங்களுக்கு வேண்டும், இதற்குப் பதில் இன்ன கதவு வைத்துத் தருகிறோம்" என்று சொல்லிவிடலாம். சொல்லி எடுத்தால் எடுத்துச் செல்வது. சொல்லாமல் எடுத்தால் பிடுங்கிச் செல்வது. பொருள் ஒன்றுதான், காரியம் இரண்டு.

தென்னையிலும் இந்தச் சோதனை வரும். சாவி கொடுக்கும் முந்தின நாள் ஆள் ஏற்றி, முற்றியது, இளநீர், குரும்பை என்று பாராமல் மொட்டையடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. "தண்ணீர் விட்டது யார், உரம் வைத்தது யார்?" என்பார்கள். பூ விரிந்து தேங்காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஒரே மரத்தில் அடியில் முற்றிய குலையும், நடுவில் இளநீரும், உச்சியில் அன்று விரிந்த பாளையும் நிற்கும். விற்றவர் விட்ட தண்ணீர் வாங்கியவர் வெட்டும் குலையில் இருக்கும். ஆகையால் தென்னையில் கணக்குத் தீரும் நாள் என்று ஒன்று வராது. முற்றியதை வெட்டிக்கொண்டு மற்றதை மரத்தில் விடுவதே முறை. அந்தத் தென்னையை நட்டவரும் எல்லாக் காயையும் தின்றுவிட்டுப் போகவில்லையே.

எடுப்பதில் பேராசை போல, விடுவதிலும் ஒரு தந்திரம் உண்டு. உடைந்த கட்டில், கிழிந்த மெத்தை, காலாவதியான பூச்சிமருந்துக் குப்பி, கெட்டுப்போன டியூப்லைட், உடைந்த கல்நார் ஷீட், தாயார் தின்று மீந்த மாத்திரைகள். இவற்றையெல்லாம் பின்புறச் சாய்ப்பில் போட்டுவிட்டு, "உங்களுக்கு உதவும் என்று விட்டுவந்தோம்" என்று சொல்வது. டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. கல்நார்த் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்தச் சாய்ப்பில் நாளை கொத்தனாரின் குழந்தை விளையாடும். விட்டுக்கொடுப்பது வேறு, தள்ளிவிட்டுப் போவது வேறு. தனக்கு வேண்டும் என்று ஆசையுள்ள ஒன்றைப் பிறருக்கு விட்டால் அது கொடை. தனக்குத் தொல்லையானதைப் பிறர் தலையில் வைத்தால் அதற்குத் தர்மம் என்று பெயர் சூட்டக் கூடாது.

இந்த வித்தியாசம் நிழல் தாங்கல்களில் பணிவிடை செய்வோருக்கு நன்றாகத் தெரியும். வீடு ஒழிக்கிறவர்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நல்ல உருளியும் அண்டாவும் வந்தால் அன்னதர்மத்துக்கு உதவும். ஓட்டை உருளியும் பிடி இல்லாத வாளியும் வந்தால் பணிவிடைக்காரருக்குச் சுமைதான் கூடும். கொடுக்கும் முன் "இது உதவுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பது கொடையைச் சேர்ந்தது.

வீட்டில் விளக்கு வைத்த இடத்தைப் பற்றியும் பலருக்குத் தயக்கம் உண்டு. சுவரில் கண்ணாடி, அதன் முன் குத்துவிளக்கு என்று தாயார் காலமெல்லாம் கும்பிட்ட மூலை. எடுத்தால் குறை வருமோ, விட்டால் குறை வருமோ என்று பயப்படுவார்கள். வாங்குகிறவர் வேறு வழியில் கும்பிடுகிறவராக இருக்கலாம். தான் வணங்காத ஒன்றை எடுக்கவும் அஞ்சி, வைத்திருக்கவும் முடியாமல் அவர் திண்டாட நேரும். அதை மரியாதையோடு எடுத்துக்கொண்டு போவதே சரி. பிள்ளைகளில் யார் தினமும் திரி போடுவாரோ அவர் வீட்டுக்கு விளக்குப் போகட்டும். மூத்தவர் யார் என்பதும் பித்தளை எத்தனை கிலோ என்பதும் அங்கே கேள்வி ஆகக் கூடாது.

இனி, செலவில்லாமல் விட்டுச் செல்லக்கூடிய ஒன்று உண்டு. அந்த வீட்டைப் பற்றிய அறிவு. மழையில் எந்த மூலை ஒழுகும், செப்டிக் டேங்க் மூடி மண்ணுக்கடியில் எங்கே இருக்கிறது, பைப் எந்த வழியாகப் போகிறது, கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் இறங்கும் என்பதெல்லாம் இருந்து வாழ்ந்தவருக்கே தெரியும். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவரால் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை மறைக்கக் கூடாது என்று மேற்சொன்ன சட்டமே சொல்கிறது. சட்டம் கேட்பது குறையை மட்டும். மனுசத்தன்மை மற்றதையும் சொல்லச் சொல்லும்.

இத்தனைக்கும் மேலான சோதனை ஒன்று மீதி இருக்கிறது. அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மை, நாற்பது வருடமாக இந்தக் கிணற்றில்தான் தண்ணீர் கோருகிறாள். வாய்ச்சொல்லாக அந்தத் தாயார் கொடுத்த அனுமதி. பத்திரத்தில் எழுத்து இல்லை. அனுமதி கொடுத்தவரின் இடம் கைமாறினால், வாங்கினவர் அந்த அனுமதிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்பது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். கொத்தனார் காம்பவுண்டு சுவர் எழுப்பினால் அவள் வழி அடைந்துபோகும். அவள் வேலியருகில் வந்து, "மக்களே, வீட்ட வித்தாச்சாமே, இனி தண்ணிக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

"வாங்கியவர் நல்லவர்தான், தருவார்" என்று சொல்லி நழுவலாம். "அடைத்தால் அது அவர் பாவம்" என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கொத்தனாருக்கு இந்தச் சங்கதி தெரியவே தெரியாதே. சொல்லாமல் விற்றவர் தன் தாயின் வாக்கை அவர் வீட்டு வாசலில் ஒரு வழக்காகப் போட்டுவிட்டுப் போகிறார். சரியான வழி ஒன்று உண்டு, அது கைப்பணத்தைத் தொடும். விலை பேசும் முன்பே வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். அந்த அம்மைக்குத் தண்ணீர் எடுக்கவும் நடந்து வரவும் உரிமை உண்டு என்று முறையாக எழுதிப் பதிவு செய்து, அதன் பிறகு மீதியை விற்க வேண்டும். அப்படிச் செய்தால் வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அது அவர் நியாயம். குறைகிற அந்தத் தொகைதான் விற்பவர் செய்யும் தர்மம். முன்பணம் வாங்கிய பிறகு நினைவு வந்தாலும் வாயை மூடக் கூடாது. அப்போதும் போய்ச் சொல்லி, அவர் சம்மதத்தோடு எழுத வேண்டும், குறைக்கக் கேட்டால் குறைக்க வேண்டும்.

சாதியின் பேரால் கிணறுகள் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், எல்லாச் சாதியாரும் சேர்ந்து கோரிக் குளிக்க முந்திரிக்கிணற்றை அய்யா வகுத்துத் தந்தார். அந்தப் பதத்தைத் தலையில் விடுகிற மக்கள், தங்கள் வீட்டுக் கிணற்றில் ஒருத்தியின் தோண்டி தொடர்ந்து இறங்குமா என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடலாகாது.

ஆகவே வீடு ஒழிக்கிறவர் ஒவ்வொரு பொருளையும் தொட்டு, "இது எனக்கு வேண்டுமா?" என்று கேட்பது போதாது. "இதை நம்பி இருப்பது யார்?" என்றும் கேட்க வேண்டும். கதவை நம்பி வீடு இருக்கிறது. பச்சைக் காயை நம்பி மரத்துக்கு வரப்போகிறவர் இருக்கிறார். கிணற்றை நம்பி அடுத்த வீட்டு அம்மை இருக்கிறாள். தன்னை மட்டும் நம்பி இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு, தன் குப்பையையும் தானே சுமந்துகொண்டு, மற்றதை வைத்துவிட்டு வந்தால் போதும். சாவிகளில் ஒன்று அண்ணன் வீட்டில் ஆணியில் தொங்கினால் அதையும் மறக்காமல் வாங்கிக் கொத்தனார் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அய்யா உண்டு.