திதிக்ஷையும் முறையீடும்

'வீட்டிலேயே இருங்கள்' என்பது கேட்பதற்கு எளிய கட்டளை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் இரவு, நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, அக்கட்டளை எல்லா இல்லங்களுக்கும் ஒரே சொற்களில் சென்று சேர்ந்தது. ஆனால் 'வீடு' என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. மும்பை மாதுங்காவில் பல குடும்பங்களுக்கு அது தனித்தனி அறைகளும், துளசிச் செடி வைத்த பால்கனியும், சன்னலுக்கு வெளியே நிழல் தரும் மரங்களும் கொண்டது. செம்பூரில் அது கூட்டுறவுக் குடியிருப்பொன்றின் இரண்டு அறைகளாக இருக்கலாம். மாதுங்காவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தாராவியிலோ அது பத்தடிக்குப் பத்தடி கொண்ட ஓர் அறை. அதனுள் ஏழெட்டுப் பேர். தண்ணீர்க் குழாய் சந்தில், கழிப்பறை தெருமுனையில்.

அந்நாட்களில் இவ்விரு வகை வீடுகளிலிருந்தும் முணுமுணுப்பு எழுந்தது. அதற்கு ஆன்மீக அன்பர்களிடம் ஒரு பதில் ஆயத்தமாக இருந்தது. 'இது இறைவன் அருளிய தவக்காலம். பொறுமையுடன் இருங்கள். கிடைத்த ஓய்வை ஜபத்திற்கும் பாராயணத்திற்கும் பயன்படுத்துங்கள்.' இந்த அறிவுரையால் பயனடைந்த இல்லங்கள் பல என்பதில் ஐயமில்லை. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட கீதை வகுப்பைத் தொலைபேசி வழியே கேட்கத் தொடங்கியவர்கள் உண்டு. எனினும் இதே அறிவுரையைத் தாராவிச் சந்தில் குடத்துடன் வரிசையில் நிற்கும் ஒரு தாயிடம் சொல்ல எவருக்கு உரிமை உண்டு? முறையிடுவது பொறுமைக்குப் பகையானதா? இக்கேள்வி அந்த ஊரடங்குடன் முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

ஆதிசங்கரர் அருளியதாகப் போற்றப்படும் விவேகசூடாமணி, ஆன்ம ஞானத்தை நாடுபவனுக்கு வேண்டிய ஆறு செல்வங்களில் ஒன்றாகத் திதிக்ஷையைக் கூறுகிறது. வந்த துன்பத்திற்கு மாற்றுத் தேடாமல், கவலையும் புலம்பலும் இன்றி அதனைத் தாங்கிக்கொள்வதே திதிக்ஷை என்பது அந்நூலின் கருத்து. மிக உயர்ந்த இலக்கணம் இது. ஆனால் இது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். முக்தியைத் தவிர வேறெதையும் விரும்பாத சாதகன் தானாக முன்வந்து ஏற்கும் பயிற்சி அது. அண்டை வீட்டாரின் துன்பத்தை அளப்பதற்கான கோலாக எந்த ஆசிரியரும் அதனைத் தரவில்லை.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரானும், குளிரும் வெப்பமும் இன்பமும் துன்பமும் வந்து போவன, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று அர்ஜுனனிடம் கூறுகிறார். ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. சில சுலோகங்களுக்குள்ளாகவே, ஆகவே போர் செய் என்றும் சொல்கிறார். பொறுத்துக்கொள்ள வேண்டியது புலன்களுக்கு நேரும் துன்பத்தை. செய்ய வேண்டியது முன்னே நிற்கும் கடமையை. முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதை விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது.

சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் இதனை இன்னும் கூர்மையாக விளக்கினார். எதிர்க்கும் வலிமை இருந்தும் எதிர்க்காதிருப்பவனின் செயலே உயர்ந்தது. வலிமையின்மையாலோ சோம்பலாலோ சும்மா இருப்பவனுக்கு அப்பெருமை உரியதாகாது என்பது அவர் கருத்து. இந்த அளவுகோலை ஊரடங்குக்குப் பொருத்திப் பார்த்தால் சற்றுச் சங்கடமான முடிவு கிடைக்கிறது. மாற்று வழி உள்ளவனுக்கே திதிக்ஷையைப் பயில இடமுண்டு. உணவும் ஓய்வூதியமும் உறுதியாக உள்ள ஒருவர், வெளியே செல்லும் ஆசையை அடக்கிக்கொண்டு முகம் சுளிக்காமல் இருந்தால் அது ஒரு சிறிய தவமாகலாம். வேறு வழியே இல்லாமல் அடைபட்டுக் கிடப்பவரின் நிலையைத் தவம் என்று பெயரிட்டு அழைப்பது, அவரது இல்லாமைக்குப் பூமாலை சூட்டுவதாகும். அவரும் உள்ளத்தில் கசப்பின்றி அதனைத் தாங்கக்கூடும், தாங்கியவர்கள் பலர். ஆனால் அதைத் தவம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியவர் அவரே, பிறர் அல்லர்.

மும்பை நகரம் இக்கேள்வியை முதன்முதலில் சந்தித்தது 2020-இல் அல்ல. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயை டாக்டர் அகாசியோ வீகாஸ் கண்டறிந்தார். மக்கள் லட்சக்கணக்கில் நகரை விட்டு வெளியேறினர். 1897-இல் ஆங்கிலேய அரசு தொற்றுநோய்கள் சட்டத்தை இயற்றியது. 2020-இல் மகாராஷ்டிர அரசு கையில் எடுத்ததும் அதே பழைய சட்டத்தைத்தான். அன்று வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயுற்றோர் வலுக்கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டனர். ரயில் நிலையங்களில் பெண்கள் உட்படப் பயணிகள் பரிசோதிக்கப்பட்டனர். 1896 அக்டோபர் 29-ஆம் நாள் சுமார் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். (இன்று கஸ்தூர்பா மருத்துவமனை எனப்படுவது அதுவே. 2020 மார்ச்சில் மும்பையின் முதல் கொரோனா நோயாளிகளைத் தனிமைப்படுத்திச் சிகிச்சை அளித்ததும் அங்குதான்.)

அத்தொழிலாளர்களின் சினத்தில் வதந்தி கலந்திருந்தது. மருத்துவமனைக்குள் சென்றவர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று நம்பியவர்கள் பலர். அதே சமயம், அதில் உண்மையும் கலந்திருந்தது. அந்நியர் வீட்டுக்குள் நுழைவதும், பெண்களின் நாணம் மதிக்கப்படாததும், மரணத் தறுவாயில் உற்றார் அருகில் இருக்க முடியாததும் கற்பனைக் குறைகள் அல்ல. வன்முறையை எவரும் போற்ற இயலாது. ஆயினும் மக்களின் முறையீடு வீணாகவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் கட்டாயம் படிப்படியாகத் தளர்ந்தது. அந்தந்தச் சமூகத்தினர் தத்தம் மருத்துவமனைகளை நடத்த அனுமதி கிடைத்தது. பொறுமை காக்குமாறு மட்டும் சொல்லி அனைவரும் அடங்கியிருந்தால் இம்மாற்றம் நிகழ்ந்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

மாதுங்கா அன்பர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. நெரிசலே பிளேக் பரவக் காரணம் என்று கருதிய அரசு, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. அது திட்டமிட்டு உருவாக்கிய பகுதிகளுள் ஒன்று தாதர்–மாதுங்கா. அகன்ற வீதிகள், வீடுகளுக்கிடையே காற்றுப் புக இடைவெளி, ஐந்து தோட்டங்கள் எல்லாம் அத்திட்டத்தின் பயன். பின்னாளில் தென்னிந்தியக் குடும்பங்கள் வந்து குடியேறி, ஆஸ்திக சமாஜமும் பள்ளிகளும் கண்டது அங்கேதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் உள்ளிட்ட ஏழை மக்களுக்கு அத்தகைய திட்டம் எதுவும் வாய்க்கவில்லை. அவர்கள் தாராவியின் சதுப்பு நிலத்தைத் தாங்களே தூர்த்துக் குடிசை போட்டனர். ஆக, 2020-இல் ஒருவர் நின்றுகொண்டு 'எத்தனை நாள்தான் வீட்டிலேயே இருப்பது' என்று சலித்துக்கொண்ட பால்கனி, முந்தைய கொள்ளைநோய் ஒன்றின் போது எழுந்த கூக்குரலுக்குக் கிடைத்த விடை.

1898-இல் கல்கத்தாவிலும் பிளேக் அச்சம் பரவியது. டார்ஜிலிங்கில் இருந்த சுவாமி விவேகானந்தர் செய்தி கேட்டு விரைந்து திரும்பினார். மக்களுக்கு அவர் வெளியிட்ட அறிக்கையில் அஞ்ச வேண்டாம், வதந்திகளை நம்ப வேண்டாம், வீட்டையும் உடலையும் தூய்மையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அறிவுறுத்தினார். அவ்வறிவுரை எவருக்கும் தெரிந்ததே. அதனுடன், துணையற்றவர்கள் பேலூர் மடத்தில் உள்ள ஸ்ரீராமகிருஷ்ணரின் தொண்டர்களுக்குத் தெரிவித்தால் இயன்ற உதவி செய்யப்படும் என்றும் சேர்த்தார். பணத்திற்கு என்ன வழி என்று கேட்டபோது, புதிதாக வாங்கிய மடத்து நிலத்தையே விற்கவும் அவர் சித்தமாக இருந்தார். அஞ்சாதே என்று சொல்பவர், அச்சம் வந்தால் எங்கே வர வேண்டும் என்பதையும் சொன்னார். அதற்காக எதை இழக்கத் தயார் என்பதையும் காட்டினார். அடுத்த ஆண்டு நோய் மீண்டும் வந்தபோது, சுவாமி சதானந்தரும் சகோதரி நிவேதிதையும் பாக்பஜார் சேரிகளைத் தூய்மை செய்யும் பணியை ஏற்றனர். நிவேதிதையே துடைப்பம் எடுத்துத் தெருவைப் பெருக்கக் கண்டு, வெட்கிய இளைஞர்கள் அவருடன் சேர்ந்துகொண்டனர்.

இனி 2020-இன் தாராவிக்கு வருவோம். ஏப்ரல் 1-ஆம் நாள் அங்கு முதல் நோயாளி கண்டறியப்பட்டார். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ 450 பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருந்தனர். 'வீட்டில் தனிமையில் இருங்கள்' என்ற கட்டளையைக் கடைப்பிடிக்க முனைந்தாலும் அங்கே அது முடியாது. விடியற்காலையில் கழிப்பறை வரிசையில் நின்றே ஆக வேண்டும். வேலையும் நின்றுவிட்டது. தோல் பட்டறைகள் மூடப்பட்டன. விடியலில் அவித்த இட்லியைச் சைக்கிளில் கொண்டுசென்று நகரெங்கும் விற்ற தமிழர்களுக்கு விற்க வழியில்லை. சொந்த ஊருக்குச் செல்ல முயன்றவர்களுக்கு மே மாதம் வரை ரயிலும் இல்லை.

அங்கிருந்து எழுந்த முறையீடுகள் மிகத் துல்லியமானவை. இந்தக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, இந்தச் சந்திற்கு உணவுப் பொட்டலம் வரவில்லை, இந்த வீட்டில் மூவருக்குக் காய்ச்சல் என்பன போன்றவை. இவற்றைப் புலம்பல் என்று ஒதுக்கியிருந்தால் நோய் பன்மடங்கு பெருகியிருக்கும். மாநகராட்சியினர் வேறு விதமாக நடந்துகொண்டனர். அறையில் தனிமை இயலாது என்பதை ஏற்று, பள்ளிகளையும் விளையாட்டு அரங்கையும் தனிமை மையங்களாக்கி, அங்கு உணவும் அளித்தனர். அப்பகுதியின் தனியார் மருத்துவர்களே கவச உடையணிந்து வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தனர். கழிப்பறைகள் நாளொன்றுக்குப் பலமுறை கிருமிநாசினி தெளித்துக் கழுவப்பட்டன. ஜூலை 10-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாகத் தாராவியின் பெயரைக் குறிப்பிட்டார்.

பாராட்டை மிகைப்படுத்தவும் வேண்டாம். அதே ஜூலையில் மும்பையின் மூன்று வட்டங்களில் மக்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. தாராவி அவற்றுள் இல்லை. மாதுங்கா அடங்கிய வட்டமும், செம்பூர் அடங்கிய வட்டமும் இருந்தன. குடிசைப் பகுதிகளில் சோதிக்கப்பட்டோரில் 57 விழுக்காட்டினரிடம் நோய் வந்து சென்றதன் அடையாளம் காணப்பட்டது. பிற குடியிருப்புகளில் 16 விழுக்காடு. ஒரே வட்டம், ஒரே சட்டம், ஒரே ஊரடங்கு. குடிசையில் வாழ்ந்தவர்களுக்குக் கட்டுப்பாடு குறைவு என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை. அவர்களிடம் இல்லாதவை சுவர்களும் தனிக் குழாயும்.

அப்படியானால் வசதியுள்ளவர்களின் குறைகள் யாவும் பொய்யா? அதுவும் முறையன்று. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, செம்பூரிலோ மாதுங்காவிலோ தனித்து வாழ்ந்த முதியவர்களின் தனிமை உண்மையானது. உயிர் நீத்த கணவரின் முகத்தை இறுதியாகப் பார்க்க முடியாத மனைவியிடம் தத்துவம் பேசுபவர் தத்துவம் அறியாதவர். மகாராஷ்டிரத்தில் மார்ச்சில் மூடிய ஆலயங்கள் நவம்பர் 16 அன்றுதான் திறந்தன. நாள்தோறும் சந்நிதியில் நின்று பழகியவருக்கு அந்த எட்டு மாதங்கள் நெடியவை. ஆனால் பணிப்பெண் வராததும், மாலை நடை தடைபட்டதும், விரும்பிய காய் கிடைக்காததும் வேறு வகை. அவ்வகைக் குறை நாவில் வரும்போதுதான் திதிக்ஷையை நினைவுகூர நல்ல தருணம். பணிப்பெண் வரவில்லை என்று வருந்தியவர், அவருக்கு அம்மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டிருந்தால் அந்த முறையீடே வேறு நிறம் பெற்றிருக்கும். பலர் கேட்டனர், அனுப்பியும் வைத்தனர்.

அன்னை ஸ்ரீசாரதாதேவி தட்சிணேசுவரத்தில் நஹபத்தின் கீழறையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்ததை அன்பர்கள் அறிவர். ஐம்பது சதுர அடி அளவே உள்ள அறை. மளிகைப் பொருட்களும் பாத்திரங்களும் உறியில் தொங்கும் மீன் பானையும் அதற்குள்ளேயே. பெண் பக்தர்கள் வந்தால் அவர்களும் அங்கேயே தங்குவர். விடியுமுன் கங்கையில் நீராடிவிட்டு உள்ளே சென்றால், பிறர் கண்ணில் படாமல் பகல் முழுதும் இருக்க வேண்டும். உடலின் இயற்கைத் தேவைகளையும் இரவு வரை அடக்க நேர்ந்தது. அன்னை முறையிடவில்லை. அந்நாட்களைப் பின்னாளில் ஆனந்தமாகவே நினைவுகூர்ந்தார். முழு நிறைவான திதிக்ஷை அது, அன்னையே ஏற்றுக்கொண்டது.

ஆனால் சில அடிகள் தொலைவிலிருந்த ஸ்ரீராமகிருஷ்ணர், 'அவள் பொறுத்துக்கொள்கிறாள்' என்று மகிழ்ந்து இருந்துவிடவில்லை. காட்டுப் பறவையைக் கூண்டிலேயே வைத்திருந்தால் அதன் கால்கள் முடங்கிவிடும் என்ற கருத்துப்பட அவர் அன்னையிடம் கூறி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சென்றுவரச் சொன்னார். நண்பகலில் பஞ்சவடிப் பக்கம் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் அன்னை பின்வாசல் வழியே வெளியே சென்று, மாலை ஆரதிக்குப் பின் திரும்புவார். அதற்குள் நோய் பற்றியிருந்தது. தடுப்புப் பாயில் இருந்த சிறு துளை வழியே கீர்த்தனத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றதால் வந்தது என்று அன்னை சொன்ன அந்த வாத வலி, ஜெயராம்பாடியிலும் உத்போதன் இல்லத்திலும் வாழ்ந்த பிற்கால ஆண்டுகளிலும் அவரை விட்டு நீங்கவில்லை.