இனம் பிரித்தல் அறிவா, இறுமாப்பா?

குழந்தை நாவசைத்துப் பேசத் தொடங்கியதும் முதலிற் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "இது என்ன?" என்பது. பெயரை அறிந்துகொண்ட பின்னர், "இது அதனோடு சேர்ந்தது; அது வேறு" எனப் பிரிக்கக் கற்கின்றது. பெயரிடுதல், பிரித்தல் என்னும் இவ்விரு செயல்களே வளர்ந்து உயிர்நூல் என்னும் பெருங்கலையாயின. ஆயினும், பிரித்தறியும் இவ்வாற்றல் மனிதனுக்கு அறிவை மட்டும் தந்ததா, அன்றி இறுமாப்பையும் சேர்த்துத் தந்ததா? இதனையே நாம் இன்று ஆராயப் புகுகின்றோம்.

உயிர்களை வகுத்துக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், ஓரறிவுயிர் முதலாக ஆறறிவுயிர் ஈறாக அவற்றை ஆறு வகையாகப் பகுத்துக் கூறுகின்றது. இன்று உலகெங்கும் வழங்கும் முறையை ஒழுங்குபடுத்தியவரோ சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் (1707-1778) என்பவர். அவர்க்கு முன்னர்ச் செடியொன்றின் பெயரே ஒரு நீண்ட வாக்கியமாய் இருந்தது. அதுவும் நூலுக்கு நூல் மாறிற்று. அவர் 1753-இல் தாவரங்களுக்கும், 1758-இல் விலங்குகளுக்கும் இருசொற் பெயர் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டும் சேர்ந்து தனி இனத்தையும் குறிக்கும்.

இதன் பயனை உணர நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் முன்னோர் விடியுமுன் எழுந்து வெட்டிய பால்மரத்தையே நோக்குவோம். நமக்கு அது ரப்பர் மரம். மலாய்க்காரர்க்குப் பொக்கோக் கெத்தா. 1876-இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்கு அதன் விதைகள் கொண்டுசெல்லப்பட்டன. 1877-இல் இருபத்திரண்டு நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. எந்நாட்டில் எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், அறிஞர்க்கு அது ஹீவியா பிரேசிலியன்சிஸ் என்னும் ஒரே பெயருடையது.

இனி அதன் உறவினர் யாரெனக் கேட்போம். பால் வடிவதொன்றையே அடையாளமாகக் கொண்டால், எருக்கும் ஆலும் பலாவும் அதன் சுற்றத்தாராகிவிடும். ஆனால் தாவர நூலார் அதனை ஒப்புவதில்லை. பூவையும் காயையும் ஆராய்ந்து, நம் வேலியோரத்து ஆமணக்கும், கொல்லைப்புறத்து மரவள்ளியுமே அதன் குடும்பத்தவை என்கின்றனர். ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூப்பதும், காய் மூன்று அறைகளாய் அமைவதும் இம்மூன்றுக்கும் பொது. வானளாவிய மரமும் வேலியோரச் செடியும் ஒரு குடும்பம்! புறத்தோற்றம் உறவைக் காட்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அறிவுத்துறையின் பெருமை, பிழையை உணர்ந்தால் திருத்திக்கொள்வதில் உள்ளது. லின்னேயஸ் 1735-இல் தம் நூலின் முதற்பதிப்பை வெளியிட்டபோது திமிங்கிலத்தை மீனினத்திற் சேர்த்தார். 1758-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலோ, குட்டிக்குப் பாலூட்டும் அவ்வுயிரைப் பாலூட்டிகளின் வரிசைக்கு மாற்றினார். உண்மை கண்டதும் தம் சொல்லைத் தாமே மாற்றிய அவ்வறிஞரை நாம் வணங்குவோம்.

ஆனால் அதே பதிப்பில் அவர் செய்த மற்றொன்றை நாம் மறைத்தலாகாது. மனிதனுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயரிட்டு ஓரினமாகக் கொண்டவர், உடனே அவ்வினத்தைக் கண்டத்தாலும் நிறத்தாலும் கூறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தையும் ஏற்றினார். ஐரோப்பியர்க்குக் கூர்மதி, ஆசியர்க்குச் செருக்கும் பேராசையும், ஆப்பிரிக்கர்க்குத் தந்திரமும் கவனமின்மையும்! பூவின் கேசரங்களைத் தம் கண்ணால் எண்ணிப் பார்த்தவர், தாம் ஒருநாளும் கால் வைத்தறியாத கண்டங்களின் மக்களுக்குக் குணம் எழுதியது எந்த எண்ணிக்கையைக் கொண்டு? செடிக்குச் சான்று தேடியவர்க்கு மனிதனுக்குச் செவிவழிச் செய்தியே போதுமாயிற்று.

அவரை நகைக்குமுன் நம்மையும் நோக்க வேண்டாவோ? மரத்தின் வகைக்கும் மனிதரின் பிரிவுக்கும் 'ஜாதி' என்னும் ஒரே சொல்லை வழங்கியவர் நாமல்லரோ? கடல் கடந்து வந்த நம் முன்னோர்மேல் 'கூலி' என்னும் ஒரு சொல் ஒட்டப்பட்டபோது உள்ளம் புண்பட்டோம். ஆனால் நாம் சுமந்து வந்த பழைய ஒட்டுச்சீட்டுகளை அடுத்த வீட்டாரின் மேல் ஒட்டத் தயங்கினோமில்லை.

உயிர்நூல் கூறுவது யாது? குதிரையும் கழுதையும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதை பெரும்பாலும் மலடாகும்; அவை வேறு வேறு இனம். மனிதருள் எந்நாட்டவரும் எக்குலத்தவரும் மணந்து பெறும் மக்கள், தாமும் மக்களைப் பெற்று வாழ்கின்றனர். 1972-இல் ரிச்சர்ட் லூவான்டின் என்னும் அறிஞர் ஆராய்ந்து, மனிதரிடையே காணும் மரபு வேற்றுமையில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்கூட்டத்தினுள்ளேயே உள்ளது எனக் காட்டினார். அஃதாவது, நம்மை 'அவர்'களிடமிருந்து பிரிப்பதாக நாம் கருதும் வேற்றுமையினும் நமக்குள்ளே இருக்கும் வேற்றுமை பெரிது.

அங்ஙனமாயின் பிரித்தறிவதே தீதென்று கூறலாமோ? கூறலாகாது. கீழாநெல்லியையும் நச்சுச் செடியையும் பிரித்தறியாத மருத்துவன் நோயாளியைக் கொல்வான். பிரித்தல் அறிவே. ஆனால் "இஃது எது?" என்று கேட்பது வேறு, "இஃது எதற்குக் கீழ்?" என்று கேட்பது வேறு. முன்னது அறிவின் கேள்வி. பின்னது ஆணவத்தின் கேள்வி. 1859-இல் டார்வின் உயிர்களின் உறவைக் கிளைவிட்ட மரமாகக் காட்டினார். அம்மரத்தில் புல் என்பது மனிதனாக முயன்று தோற்ற உயிரன்று. தன் கிளையில் தான் தழைத்து நிற்கும் உயிர்.

ஆகவே நேயர்களே, யாரேனும் ஒரு மனிதர்மேல் ஒரு பெயரை ஒட்ட வரும்போது நாம் இரண்டு கேள்விகளைக் கேட்போமாக. இதற்குச் சான்று எது? சான்று பொய்த்தால் பெயரை மாற்ற நீர் ஒருப்படுவீரோ? திமிங்கிலத்திற்குக் கிடைத்த நீதி மனிதனுக்கும் கிடைக்கட்டும். ஆறாவது அறிவு நமக்கு உண்டென்பது உண்மையானால், அதனை மெய்ப்பிக்க வேண்டிய இடம் இதுவே.