ஓரெழுத்துக் குறைந்த மந்திரம்



ஆண்டுதோறும் சுருத பஞ்சமி நன்னாளில் ஆகம ஏடுகளைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து, மலரும் அட்சதையும் இட்டு வணங்குகிறோம். வணங்கிய பின் பட்டுத் துணியில் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டியும் விடுகிறோம். அந்த ஏடுகள் நமக்குக் கிடைத்த வரலாற்றில், ஆசிரியத் தொழில் செய்தவர் எவரையும் எளிதில் உறங்கவிடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. வீரசேனாச்சாரியார் தமது தவளா உரையில் அதனைக் கூறுகிறார்.

சௌராட்டிர நாட்டுக் கிரிநகரத்தின் சந்திரகுகையில் தவமியற்றிய தரசேனாச்சாரியார், தம் காலத்தோடு ஆகம அறிவு அற்றுப்போய்விடுமோ என்று அஞ்சித் தென்திசை முனிவர் சங்கத்துக்கு ஓலை விடுத்தார். கற்றுக்கொள்ளும் ஆற்றல் மிக்க முனிவர் இருவர் அனுப்பப்பெற்றனர். வந்தவர்களுக்கு ஆச்சாரியார் உடனே பாடம் தொடங்கவில்லை. ஆளுக்கொரு மந்திரத்தைக் கொடுத்து, இரண்டு நாள் உபவாசத்துடன் செபித்து வருமாறு பணித்தார். அவற்றுள் ஒன்றில் ஓரெழுத்து மிகையாக இருந்தது. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைந்திருந்தது. செபம் நிறைவுற்றபோது ஒருவர் முன் பல் நீண்ட தேவதை தோன்றினாள். மற்றவர் முன் ஒற்றைக் கண்ணுடைய தேவதை தோன்றினாள். தேவர்களுக்கு உறுப்புக் குறை இயல்பன்று என்பதை இருவரும் அறிவர். ஆகவே பிழை தேவதையிடத்தில் இல்லை, ஓதிய மந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று உணர்ந்து, மந்திர இலக்கணத்தோடு ஒப்புநோக்கி, மிகுந்ததை நீக்கியும் குறைந்ததைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தேவதைகள் இயல்பான வடிவில் தோன்றினர். அதன் பின்னரே ஆச்சாரியார் பாடம் சொல்லத் தொடங்கினார். அவ்விருவரே பின்னர் ஷட்கண்டாகமத்தை இயற்றிய புஷ்பதந்தரும் பூதபலியும். (பூதபலி முனிவர் திரமிள தேசமாகிய நம் தமிழகத்துக்கு வந்தார் என்று அதே உரை கூறுவதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?)

பிழையற்ற கரும்பலகையே நல்லாசிரியர்க்கு அடையாளம் என்று எனக்குப் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். இங்கோ ஒரு மகா முனிவர் தெரிந்தே பிழையான பாடத்தைத் தம் மாணாக்கர் கையில் கொடுக்கிறார். கொடுத்ததை அப்படியே ஒப்புவிப்பவர் அவருக்குத் தேவைப்படவில்லை. ஓதியதன் பயன், தாம் முன்பே அறிந்த உண்மையோடு பொருந்துகின்றதா என்று நின்று நோக்குபவரே தேவைப்பட்டார். குரு கொடுத்த பாடமாயிற்றே என்று அம்முனிவர்கள் தயங்கியிருந்தால் ஆகமம் இன்று நம் கையில் இராது.

இனி என் குறையைச் சொல்ல வேண்டும். வந்தவாசிப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊரைப் பற்றிய பாடத்தில், பயிற்சிக் காலத்துக் குறிப்பேட்டிலிருந்து கரும்பலகையில் எழுதினேன்: ஊரருகே உள்ள குன்றின் கற்படுக்கைகள் பஞ்சபாண்டவர் வனவாசத்தில் படுத்தவை என்று. கடைசி வரிசையில் ஆடு மேய்ப்பவர் மகள் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அங்க கல்லுல மூணு குடைக்குக் கீழ ஒரு சாமி உக்காந்திருக்குது. அது அந்த அஞ்சு பேர்ல யாரு?" என்று கேட்டாள்.

முக்குடைக் கீழ் அமர்ந்தவர் யார் என்பது எனக்குத் தெரியாதா? அன்று காலை வீட்டில் அப்பெருமானை வணங்கிவிட்டே பள்ளிக்கு வந்திருந்தேன். ஆயினும், அந்த வாரம் ஆய்வாளர் வருவதாக இருந்தது. அவ்வூரில் சமணக் குடும்பம் என்று எங்கள் வீடு ஒன்றே. நான் எழுதியதை நானே அழிப்பதா என்ற வீம்பும் சேர்ந்துகொண்டது. "எழுதிப் போட்டதை மட்டும் எழுது" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் வேறெந்தக் கேள்வியும் அவள் கேட்கவில்லை. படிப்பில் குறை ஒன்றுமில்லை. எழுத்துக் கூட்டாமல் சரளமாக வாசித்தாள்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஞானாவரணீய கர்மம் வந்து சேரும் காரணங்களைக் கூறுகையில், அறிந்ததை மறைத்தலையும் பிறர் அறிவுக்கு இடையூறு செய்தலையும் எடுத்துக் கூறுகிறார். இச்சூத்திரத்தைப் பாடசாலைக் குழந்தைகளுக்குப் பலமுறை ஒப்பித்திருக்கிறேன். ஒப்பிக்கும்போதெல்லாம் ஆடு மேய்ப்பவர் மகளின் முகம் எதிரே வரும். ஒரே நாழிகையில் அவ்விரண்டையும் செய்தவள் நான்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அது வேறு உருவில் என் வீட்டுக்கே வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குப் பள்ளியில் மாவட்டத்து மலைகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆற்காட்டுக்கு அருகிலுள்ள பஞ்சபாண்டவர் மலையை எடுத்துக்கொண்டாள். கைப்பேசியில் தேடி இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள். பாண்டவர் ஐவரும் அங்கே தங்கினார்களாம். நான் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டதைப் போலிருந்தது.

"இதை எழுதியவர் யார் அம்மா?" என்று கேட்டேன்.

"போன்ல போட்டிருக்கு பாட்டி" என்றாள்.

குழந்தையைக் குறை கூறுவதற்கில்லை. அதே கைப்பேசியில் சற்றுக் கீழே இறங்கியிருந்தால் சமணக் குகை என்ற செய்தியும் இருந்தது. முதலில் கண்ட விடையோடு அவள் நின்றுவிட்டாள். நாமும் பலநேரம் அப்படித்தானே நிற்கிறோம்? அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 10 வரலாற்றுப் பேரறிஞர்களும் 25 கல்லூரி மாணவர்களும் செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேரும் இணையப் பக்கங்களை எவ்வாறு வாசிக்கிறார்கள் என்று உடனிருந்து கவனித்தார்கள். அறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் திறந்த பக்கத்திலேயே நின்று, அதன் தோற்றத்தையும் சின்னத்தையும் கண்டு மயங்கினர். சரிபார்ப்பவர்களோ அப்பக்கத்தை விரைவில் விட்டு வெளியேறி, இதை வெளியிட்டவர் யார், இவரைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறிடங்களில் தேடினர். குறைந்த நேரத்தில் உண்மையையும் கண்டனர். பட்டம் பெற்ற பேரறிஞர்களே ஏமாந்தார்கள் என்பதைப் படித்தபோது, என் மனத்துக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

சுவாத்தியாயம் ஐந்து வகை என்பதை நாம் அறிவோம். வாசனை என்னும் வாசித்தலுக்கு அடுத்த படியாகவே பிருச்சனை என்னும் வினவுதல் வைக்கப்பட்டிருக்கிறது. சிந்தித்தலும் மனத்தில் பதித்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. பிறர்க்கு உபதேசித்தல் கடைசியில். நாமோ வாசித்த கையோடு உபதேசத்துக்குப் போய்விடுகிறோம். கைப்பேசியில் வந்ததை அடுத்த நொடியில் உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

ஞானாசாரம் எட்டு. எழுத்தைப் பிழையின்றி ஓதுவதும், பொருளைப் பிழையின்றி உணர்வதும், இரண்டையும் ஒருங்கே காப்பதும் அவற்றுள் மூன்று. பள்ளிகளில் முதலாவதற்கே நம் காலமெல்லாம் கழிந்தது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், இளம் வகுப்புக் குழந்தைகள் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இரண்டாவதையும் நாடியது நல்லதே. ஆயினும் அந்த எட்டில் நாம் அறவே மறந்த ஒன்று உண்டு. அதன் பெயர் அனிஹ்னவம். எவரிடம் கற்றோமோ, எந்நூலில் கற்றோமோ, அதை மறைக்காமல் கூறுவது. இதனைக் குருபக்தி என்ற அளவில் மட்டுமே நானும் போதித்து வந்தேன். மூலம் தெரிந்தால்தானே பிழை எங்கே நுழைந்தது என்று திரும்பிச் சென்று பார்க்க முடியும்? "போன்ல போட்டிருக்கு" என்பதில் திரும்பிச் செல்ல வழி இல்லை. "டீச்சர் எழுதிப் போட்டார்" என்பதிலும் இல்லை.

பேத்தியிடம் சொன்னேன்: அம்மலைக் குகையில் பல்லவ மன்னன் நந்திவர்மனின் 50ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது; நாரணன் என்பவன் பொன்னியக்கியாரின் படிமத்தைச் செதுக்குவித்தான்; தன் பெயரோடு நாகநந்தி என்னும் ஆசிரியரின் பெயரையும் பொறித்தான்; சோழர் காலக் கல்வெட்டு ஒன்று அம்மலையைத் திருப்பான்மலை என்று குறிக்கிறது. அனைத்தையும் கேட்டுவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்களுக்கு யார் சொன்னது பாட்டி?"

ஒரு கணம் எனக்குச் சினமே வந்தது. பழைய கோல் இன்னும் கைக்குள் இருக்கிறது போலும். பிறகு எழுந்து என் குறிப்பேட்டை எடுத்தேன். கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டவர் வெங்கையா, எபிகிராபியா இண்டிகா 4ஆம் தொகுதி என்று அதில் இருந்ததைக் காட்டினேன். நேரில் பார்த்தீர்களா என்றாள். இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அவள் கட்டுரையின் அடியில், கைப்பேசியில் கண்டதை ஒரு வரியாகவும், புத்தகப் பெயரை ஒரு வரியாகவும் எழுதினாள். அதன் கீழே, "என் பாட்டி சொன்னது, பாட்டியும் இன்னும் மலையைப் பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டாள். மழைக்காலம் கழிந்ததும் இருவரும் ஆற்காட்டுக்குப் போவதாக இருக்கிறோம்.