பிள்ளைகள் முன்நின்று வழிநடத்தலாமா?

பள்ளிக்கூடத்தில் ‘தலைவர்’ என்னும் சொல்லுக்கு நாம் வழங்கி வரும் பொருள் மிகச் சிறியது. ஆசிரியர் வகுப்பில் இல்லாத வேளையில் பேசுகின்றவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுபவன் வகுப்புத் தலைவன். காலை வழிபாட்டின்போது உறுதிமொழியை முன்மொழிபவள் மாணவர் தலைவி. இவர்களிடம் உள்ள அதிகாரம் ஆசிரியர் இரவலாகக் கொடுத்தது. மணி அடித்ததும் அது அவரிடமே திரும்பிவிடும். ஆசிரியப் பயிற்சிப் பணியில் பல்லாண்டு கழித்த நாம், வகுப்பில் ஒழுங்கு நிலவ இம்முறை உதவுவதை அறிவோம். ஆயினும் தலைமைப் பண்பு என்பது இவ்வளவுதானா? உடன் பயில்வோர்க்கு அநீதி நேரும்போது ஒரு மாணவி எழுந்து பேசலாமா? பெரியோர் வாளாவிருக்கையில் பிள்ளைகள் முன்நிற்பது அறமா, அடங்காமையா? இவ்வினாக்களை வெறும் சொல்லளவில் ஆராய்வதினும், உண்மையில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து ஆராய்வது பயன் தரும்.

ஃபார்ம்வில் பள்ளியின் கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரத்தில் ஃபார்ம்வில் என்னும் சிறு நகரம் உள்ளது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்பது அந்நாளில் அங்கே சட்டமாக இருந்தது. இரயில் பெட்டிகள் பற்றிய ஒரு வழக்கில், இனங்களைத் தனித்தனியே வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் குற்றமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1896-ஆம் ஆண்டு தீர்ப்புரைத்திருந்தது. அத்தீர்ப்பின் நிழலில் பள்ளிகளும் பிரிந்தே நின்றன. பிரிவினை மட்டும் தவறாமல் நடைமுறைக்கு வந்தது. சமம் ஏட்டளவில் நின்றுவிட்டது.

கறுப்பினப் பிள்ளைகளுக்கான ராபர்ட் ரூசா மோட்டன் உயர்நிலைப் பள்ளி, 1939-இல் ஏறத்தாழ 180 மாணவர்க்கெனக் கட்டப்பட்டது. 1951-இல் அங்கே 450-க்கும் மேற்பட்டோர் பயின்றனர். இடம் போதாமையால் மரச்சட்டங்களின்மேல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள் எழுப்பப்பட்டன. அவை மழையில் ஒழுகின. குளிர்காலத்தில் கணப்பின் அருகே அமர்ந்தோர் வெப்பத்தாலும், தொலைவில் அமர்ந்தோர் குளிராலும் வருந்தினர். உணவுக்கூடம் இல்லை, உடற்பயிற்சிக்கூடம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் புதிய கட்டடம் வேண்டி மீண்டும் மீண்டும் முறையிட்டனர். வாக்குறுதி கிடைத்தது, கட்டடம் கிடைக்கவில்லை.

1935-இல் பிறந்த பார்பரா ரோஸ் ஜான்ஸ் என்பவர் அப்பள்ளியின் மாணவி. அவர் இக்குறைகளைத் தம் இசையாசிரியையிடம் சொல்லி வருந்தினார். ‘அப்படியானால் நீதான் ஏதேனும் செய்யேன்’ என்ற கருத்தில் ஆசிரியை மறுமொழி கூறினார். அச்சொல் முதலில் அவரைப் புண்படுத்தியது. பின்னர் சிந்திக்க வைத்தது. நம்பத்தக்க மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர் பல மாதங்கள் இரகசியமாகக் கலந்து பேசினார். மாணவர் மன்றத் தலைவியும் அக்குழுவில் இருந்தார். பதவியில் இருந்தவர் ஒருவர், முன்நின்றவர் மற்றொருவர். இருவர்க்கும் இடையே பூசல் எழாமல் இருந்ததையும் நாம் கருத வேண்டும்.

1951 ஏப்ரல் 23-ஆம் நாள், மாணவர் சிலர் பேருந்து நிலையத்தில் தொல்லையில் சிக்கியிருப்பதாகத் தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் பொய்ச் செய்தி சென்றது. அவர் விரைந்து வெளியேறினார். அனைவரும் கூட்ட அரங்குக்கு வருக என்னும் குறிப்பு, தலைமையாசிரியரே அனுப்பியது போல் வகுப்புதோறும் போயிற்று. அரங்கின் திரை விலகியபோது மேடையில் பதினாறு வயதுப் பார்பரா நின்றார். ஆசிரியர்களை வெளியே செல்லுமாறு வேண்டிக்கொண்டு, பள்ளியின் நிலையை எடுத்துரைத்தார். புதிய கட்டடம் கிடைக்கும்வரை வகுப்புக்குச் செல்வதில்லை என்றார். பள்ளி அவரைப் பின்தொடர்ந்தது. வன்முறை ஏதுமின்றி அவ்வேலை நிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

கட்டடமா, சமத்துவமா?

மாணவர்கள் ரிச்மண்டு நகரில் இருந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்னும் இரு வழக்கறிஞர்களின் உதவியை நாடினர். பிள்ளைகளுக்கு அறிவுரை கூறி வகுப்புக்குத் திருப்பி அனுப்பும் எண்ணத்துடனே அவ்விருவரும் வந்தனர். மாணவரின் உறுதியைக் கண்டபின் மனம் மாறி, ஒரு நிபந்தனை விதித்தனர். நல்ல கட்டடம் கேட்டு வழக்காட மாட்டோம்; இனம் பிரித்துக் கற்பிப்பதே தவறு என்று வழக்காடுவதானால் வருகிறோம்; பெற்றோரும் இசைய வேண்டும் என்றனர்.

நம் கட்டுரைக்கு இதுவே நடுநாயகமான இடம். மாணவர் கேட்டது ஒழுகாத கூரை. பெரியோர் அவர்களுக்குக் காட்டியது அதனினும் பெரிய கேள்வி: தனியே அமர்த்தப்பட்ட பிள்ளைக்குப் பளிங்கு மாளிகையே கட்டிக் கொடுத்தாலும், ‘எங்கள் பிள்ளையின் அருகே அமர நீ தகுதியற்றவன்’ என்ற செய்தி அம்மாளிகைச் சுவரில் எழுதப்பட்டிருக்குமன்றோ? ஊர்க்கூட்டத்தில் அப்பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் ஒருவரே இவ்வழக்கு வேண்டாமென்று எச்சரித்தார். பார்பரா எழுந்து மறுத்துப் பேசினார். பெற்றோர் கையொப்பமிட்டனர். மே 23-ஆம் நாள் 117 மாணவர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது.

1952-இல் கீழ் நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றது. ஆனால் வேறு மாநிலத்து வழக்குகளுடன் சேர்த்து உச்ச நீதிமன்றம் இதனையும் விசாரித்து, பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று 1954 மே 17-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்த தீர்ப்பு அதுவே. அதில் இணைந்த வழக்குகளுள் மாணவர் போராட்டத்தால் பிறந்தது ஃபார்ம்வில் வழக்கு ஒன்றே.

பல பண்பாட்டினர் கூடி வாழ்தலைப் பற்றி இன்று பள்ளிகளில் நிறையப் பேசப்படுகிறது. ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை காஷ்மீரத்து உடையிலும் மற்றொன்று வங்காளத்து உடையிலும் மேடையேறுகின்றன, நாம் கைதட்டுகிறோம். மறுநாள் நண்பகல் உணவு வேளையில் யார் அருகே யார் அமர்கிறார் என்பதே உண்மையான தேர்வு. சிறுபான்மையினராகிய நம் குடும்பத்துப் பிள்ளைகள் இதனை நன்கறிவர். பொழுது சாயுமுன் உண்ண விரும்பும் விடுதி மாணவியைத் தோழியர் கேலி செய்யாதிருப்பது முதற்படி. அவள் நோன்பின் காரணத்தைக் கேட்டறிவது அடுத்த படி. அவ்வாறே, வேறு உணவு உண்ணும் பிள்ளையின் அருகில் நம் பிள்ளை முகம் சுளிக்காமல் அமர்கிறதா என்று நாமும் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தன் நெறியை விடாமலே பிறரை மதிக்கலாம். நமக்கு வேண்டுவதைப் பிறர்க்கும் வேண்டுதலே உரிமை என்பதன் பொருள்.

பொய்யுரைத்தது தகுமா?

வாய்மையைப் போற்றும் வீடுகளில் வளர்ந்தோர் இக்கதையில் ஓரிடத்தில் தயங்குவர். தொலைபேசியில் சொன்னது பொய். அனுப்பிய குறிப்பும் பொய். முடிவு நன்றாயிற்று என்பதனால் பொய் மெய்யாகிவிடுமா?

ஆகாது என்பதே நம் கருத்து. தலைமையாசிரியர் அங்கே இருந்தால் பழி அவர்மேல் விழும் என்று அம்மாணவர் எண்ணியிருக்கலாம். ஆனால் அவரை அப்பொய் காக்கவில்லை. அவ்வாண்டே அவர் வேலையிழந்தார். நல்லெண்ணத்துடன் சொன்ன பொய்யும் சொன்னவர் நினைத்த எல்லையில் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

எனினும் ஒரு தராசில் ஒரு தட்டை மட்டும் பார்ப்பது நீதியன்று. மழை ஒழுகும் கொட்டகையைச் ‘சமமான பள்ளி’ என்று ஆண்டுக்கணக்கில் ஏட்டில் எழுதி வந்தது எவ்வகைச் சொல்? கட்டடம் வரும் வரும் என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பியது எவ்வகைச் சொல்? பிள்ளைகள் ஒரு காலைப் பொழுதுக்குப் பொய் சொன்னார்கள். பெரியோர் ஒரு தலைமுறைக்குச் சொன்னார்கள். உண்மையைச் சொல்வதற்குப் பள்ளியில் ஒரு வாயில் திறந்திருந்தால், ஒரு சிறுமி பொய்யின் வழியாக மேடையேற வேண்டி நேர்ந்திராது. ஆகவே அப்பொய்யைக் கண்டிக்கும் உரிமை, பிள்ளைகளின் உண்மைக்குச் செவி கொடுக்கும் பெரியோர்க்கே உண்டு.

பிறர்மேல் விழுந்த சுமை

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. தீர்ப்புக்குப் பணிய மனமில்லாத பிரின்ஸ் எட்வர்டு ஆட்சிக்குழுவினர், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகப் பயில்வதைவிடப் பள்ளியே இல்லாதிருப்பது மேல் என்று கருதி, 1959-இல் பொதுப் பள்ளிகள் அனைத்துக்கும் பணம் ஒதுக்க மறுத்தனர். வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி அமைந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூரில் உற்றார் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பலர் கல்வியின்றி நின்றனர். 1964-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னரே பள்ளிகள் திறந்தன. 1959-இல் முதல் வகுப்பில் சேர வேண்டிய ஆறு வயதுக் குழந்தை, பார்பரா மேடையேறிய நாளில் பிறந்திருக்கவே இல்லை. அக்குழந்தையின் இசைவை யார் கேட்டார்? கேளாமல் அதன்மேல் சுமை விழச் செய்த போராட்டம் நேர்மையானதா?

கதவை அடைத்தவர் வேறு, கதவைத் தட்டியவர் வேறு. அடைத்ததன் பழி அடைத்தவரையே சாரும். பக்கத்து இருக்கையைப் பகிர்ந்துகொள்ள மனமின்றிப் பள்ளியையே மூடியவர்களின் செயலைத் தட்டியவர் கணக்கில் எழுதுதல் தகாது. ஆனாலும் தலைமை ஏற்பவர், தம் செயலின் விளைவு தம்மோடு நில்லாது என்பதை உணர்ந்திருத்தல் வேண்டும். இங்கே இரண்டு அளவுகோல்கள் நமக்கு உதவும். துன்பத்தில் தமக்குரிய பங்கைத் தலைவர் ஏற்றாரா? உடன் வருவோரின் இசைவைப் பெற்றாரா? பார்பரா பாதுகாப்புக்காகத் தம் ஊரையும் பெற்றோரையும் பிரிந்து, அலபாமா மாநிலத்தில் தம் பெரியதந்தையின் வீட்டில் தங்கிப் படிப்பை முடிக்க நேர்ந்தது. வழக்கோ பெற்றோரின் கையொப்பத்தோடு தொடங்கியது. தாம் மேடையில் நின்றுகொண்டு பிறரை வெயிலில் நிறுத்தும் தலைமை அன்று அது.

வர்ஜீனியா சட்டமன்றம் 2003-இல் பள்ளிகளை மூடியதற்கு வருத்தம் தெரிவித்தது. அக்காலத்தில் படிப்பை இழந்தோர் மீண்டும் கற்க 2004-இல் உதவித்தொகைத் திட்டம் ஒன்று ஏற்பட்டது. பேரன் பேத்தி எடுத்த வயதில் இழந்த படிப்பைத் தொடர உதவித்தொகை தருவது நல்ல செயலே. ஆனால் இழந்த பள்ளிப் பருவத்தை எந்தத் தொகையாலும் திருப்பித் தர இயலாது.

பெரியோர் செய்யத் தக்கது

1948-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமை அறிக்கை, கல்வி ஒவ்வொருவரின் உரிமை என்பதோடு நில்லாமல், இன, சமயப் பிரிவினரிடையே புரிதலையும் நட்பையும் கல்வி வளர்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1989-இல் வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தம்மைப் பற்றிய காரியங்களில் கருத்துரைக்கும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்றும், அவர்தம் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 1992-இல் நம் இந்தியாவும் இதனை ஏற்றுக்கொண்டது.

ஏற்ற ஒன்றை நடைமுறையில் காட்ட வேண்டியவர் ஆசிரியரும் பெற்றோரும் ஆவர். மாதம் ஒரு முறையேனும் வகுப்புத் தலைவர்கள் தலைமையாசிரியர் முன் அமர்ந்து, வகுப்பாரின் குறைகளை அச்சமின்றிச் சொல்லட்டும். சொன்னதற்கு இன்ன நாளுக்குள் மறுமொழி என்று ஒரு வரையறை இருக்கட்டும். செய்ய இயலாததை இயலாது என்று காரணத்துடன் சொல்லுதலும் மறுமொழியே. பேசுவோர் பெயரைக் குறிக்கும் அதே பிள்ளையிடம், வகுப்பில் தனித்து விடப்பட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தலைமை என்பது வேறொன்றாக அவனுக்கு விளங்கும். வீட்டில் மதிப்பெண்ணைக் கேட்கும் தாய், இன்று யாரோடு அமர்ந்து உண்டாய் என்றும் கேட்கலாம்.

பார்பரா ஜான்ஸ் பிற்காலத்தில் நூலகராகப் பணியாற்றி 1991-இல் மறைந்தார். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற படைத்தலைவர் ராபர்ட் லீயின் சிலை 2020-இல் அகற்றப்பட்டது. அதற்கு மாற்றாக இம்மாணவியின் சிலையை வைப்பதென அம்மாநிலத்து ஆணையம் அவ்வாண்டிலேயே முடிவு செய்தது. அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலங்களின் படையை நடத்தியவர் லீ என்பதை நினைத்தால் இம்மாற்றத்தின் பொருள் விளங்கும்.

பிள்ளைகள் முன்நின்று வழிநடத்தலாமா என்று கேட்டோம். நடத்தலாம்; அவ்வழியில் துன்பத்தின் பெரும்பங்கைப் பெரியோர் ஏற்கவும் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை ஒரு மாலை வந்து, ‘எங்கள் வகுப்பில் ஒருவனைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள், அது சரியா’ என்று கேட்டால், ‘உனக்கேன் வீண் வேலை’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். அருகில் அமர்த்தி முழுவதும் கேளுங்கள். மறுநாள் அப்பிள்ளையோடு பள்ளிக்குச் செல்லுங்கள்.