பழகிப்போன வெளிச்சமும் பழகிப்போன இருளும்

மனிதன் எதற்கும் விரைவிற் பழகிவிடுகிறான். ஆளியைத் தட்டுகிறோம், அறையெங்கும் வெளிச்சம் பரவுகிறது. அது எங்கிருந்து வந்தது, எவருடைய உழைப்பால் வந்தது என்று நாம் கேட்பதில்லை. காற்றையும் நிலவையும் போல, என்றும் இருந்துவந்த ஒன்றாகவே அதனைக் கொள்கிறோம். இப்பழக்கம் குற்றமாகுமா என்பதே நாம் இங்கு ஆராய விழையும் வினா.

மின்வெளிச்சம் இந்நாட்டுக்குத் தானாக வந்து சேரவில்லை. கொழும்பில் மின்விளக்கு எரியத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை விளக்கிப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் ஆய்வுரையொன்றைச் சமர்ப்பித்தார். தடைகளையும் தாமதங்களையும் கடந்து லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950 இலேதான். ஒரு தலைமுறை வாதாடிப் பெற்றதை அடுத்த தலைமுறை தன் பிறப்போடு வந்த உடைமையாகக் கொண்டது.

இதனைக் கண்டு, நன்றி மறந்த தலைமுறை என்று கடிந்துரைப்போர் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை இலவசக் கல்விக்காக நாள்தோறும் கைகூப்ப வேண்டுமா? ஒரு பேறு பொதுவுரிமையாகும்போது அது பேசப்படாமற் போவது இயல்பே. அதனைப் பற்றிக் கவலையுறாதிருக்கும் நிலையையே நாம் வேண்டிப் போராடுகிறோம். ஓயாது நன்றியைக் கோருவோர் பெரும்பாலும் உரிமையைக் கொடையென்று காட்ட முனைவோரே. ஆதலின், விளக்கை மறந்து அதன் ஒளியிற் படிக்கும் மாணவனிடத்து யாதொரு குற்றமும் இல்லை.

ஆயின் பழக்கத்துக்கு வேறொரு முகமும் உண்டு. நம் வீட்டு வெளிச்சம் பழகிப்போவது போலவே அயலார் வீட்டு இருளும் நமக்குப் பழகிப்போகின்றது. குற்றம் தொடங்குவது அங்கேதான்.

லக்சபானத் திட்டத்துக்கு நீர் தந்த கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் தேயிலைத் தோட்டங்களினூடே ஓடுபவை. அம்மலைகளைத் தளிர்க்கச் செய்த தொழிலாளரிற் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. இரண்டே ஆண்டுகளில் அதே மலைகளிலிருந்து மின்சாரம் கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. தோட்டத் தொழிற்சாலைகள் பல தமக்கெனச் சிறு நீர்மின் பொறிகளையும் வைத்திருந்தன. ஆயினும் தொழிற்சாலைக்கு அருகிருந்த லயன்களில் இன்னும் பல தசாப்தங்களுக்குக் குப்பி விளக்கே எரிந்தது. 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அந்நகரின் வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தெரிகின்றன. மின்னுற்பத்தி குன்றும் அதே நாட்களிலேதான், மின்சாரத்துக்காக மூழ்கிய ஊரும் நம் கண்ணுக்குப் புலப்படுகிறது.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்தனர். மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை இட்டு, சில துளி எண்ணெயில் திரியெரித்து மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியிற் செய்தி கேட்டனர். நாட்டின் பிற பாகங்கள் அவ்விருளுக்குப் பழகிக்கொண்டன. வடக்கென்றால் அப்படித்தான் என்று அமைந்துவிட்டன.

2022 மார்ச் இறுதியில் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அப்போது தலைநகர் கொதித்தெழுந்தது, எழுந்தது நியாயமே. எனினும் ஒன்றை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். இருந்தது இல்லாமற்போனால் அதற்கு மின்வெட்டு என்று பெயரிடுகிறோம், நெருக்கடி என்கிறோம். என்றுமே இல்லாதிருந்ததற்கு நாம் ஒரு பெயரும் இட்டதில்லை. லயனின் இருளை எவரும் மின்வெட்டு என்று அழைத்திலர். பெயரில்லாத துன்பம் செய்தியாவதில்லை, செய்தியாகாதது கோரிக்கையாவதுமில்லை.

இன்று லயன்களுக்கும் பெரும்பாலும் மின்சாரம் எட்டிவிட்டது. எனினும் வினா முடிந்துவிடவில்லை. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு உயர்த்தப்பட்டபின், கட்டணம் செலுத்த இயலாது இணைப்பை இழந்த ஏழைக் குடும்பங்கள் உண்டு. நீண்ட மின்வெட்டு ஓய்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் ஆறுதலடைந்த நாட்களில் அவர்களுடைய வீடுகள் இருண்டே கிடந்தன. அது அவரவர் வறுமை என்று அமைதி கொள்வோமாயின், பழைய மறதியையே புதிதாகப் பயில்கிறோம்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது பெரிய காரியம் எதுவுமன்று. மின்னோட்டத்தைப் பற்றிய பாடம் வகுப்பில் நடக்கும் நாளில், அது எந்த மலையிலிருந்து எந்த நகருக்கு எந்த ஆண்டில் ஓடிற்று, வழியில் யாரைத் தொடாமற் சென்றது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். இன்று மாலை தன் அயலில் எந்த வீட்டில் விளக்கெரியவில்லை என்று ஒவ்வொரு மாணவனையும் பார்த்துவரச் சொல்லலாம். நம் வெளிச்சத்தை நாம் மறந்திருக்கலாம்; அந்த வீட்டை மறக்க நமக்கு உரிமையில்லை.