எல்லோரும் முணுமுணுத்த ஆறு வாரங்கள்

அப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். பழைய போனில் மைக் போய்விட்டது என்று நானே முடிவு செய்திருந்தேன். "வாய்க்குள்ளயே பேசாதீங்கப்பா, ஒண்ணும் புரியல" என்று மூன்று வாரமாக அவர்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். புது போன் வந்த பிறகும் அதே கதைதான். அப்புறம் அவர் கத்திப் பேசப் பழகிக்கொண்டார். கத்திப் பேச வேண்டியிருந்தால் யாரும் நிறையப் பேச மாட்டார்கள். "சாப்டியா? வேலையெல்லாம் சரியாப் போகுதா? சரி, வெச்சிடவா?" ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது நிமிடம் ஓடிய பேச்சு மூன்று நிமிடத்துக்கு வந்து நின்றது. அதையும் அவருடைய வயதின் கணக்கில் எழுதிவிட்டேன்.

கோளாறு என் இடது காதில் இருந்தது. நான் போனை எப்போதும் அந்தக் காதில்தான் வைப்பேன்.

காது அடைத்திருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது இடது காதில் தண்ணீர் நிற்பது போல இருந்தது. ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். பட்ஸ் எடுத்துக் குடைந்தேன். இன்னும் அடைத்துக்கொண்டது. சளியாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். வலி இல்லை. வலது காது வேலை செய்தது. காதில் ஏதோ இருக்கிறது என்று தெரியும். எனக்குக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியாது. இரண்டும் ஒன்றுதானே என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஆறு வாரமும் அப்படித் தோன்றவில்லை.

இதோடு போயிருந்தால் இது அப்பாவும் மகனும் சிரித்துக்கொள்ளும் கதையாக முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆறு வாரத்துக்குள்தான் எங்கள் ஆபீசில் அப்ரைசல் வந்தது.

என் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். சின்ன ஊரிலிருந்து வந்தவர், முதல் வேலை. மீட்டிங்கில் எனக்கு இடப்பக்கம் உட்காருவார். அவர் பேசுவது எனக்குப் பாதிதான் வந்து சேரும். "கொஞ்சம் சத்தமா" என்று இரண்டு மூன்று முறை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மீட்டிங்கில் பேசுவதைக் குறைத்துவிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சாட்டில் எழுதி அனுப்ப ஆரம்பித்தார். அதையும் பார்த்தேன். அப்ரைசல் படிவத்தில் எழுதினேன்: வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் தெளிவாகப் பேசுவதில்லை, தன்னம்பிக்கை போதாது. நேர்மையாகத்தான் எழுதினேன். என் காதில் விழுந்ததை எழுதினேன்.

பிறகு ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து வந்த பைக் என்னை உரசிக்கொண்டு போனது. ஓட்டி வந்தவர் திரும்பிப் பார்த்து, "எவ்ளோ ஹார்ன் அடிக்கிறது, காது செவிடா?" என்று கேட்டார். அந்த ஆறு வாரத்தில் சரியான நோயறிதலைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன்.

டாக்டர் விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. தினம் பட்ஸ் போடுவீங்களா?" என்றார். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. காதைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவன் நான். அவர் காகிதத்தில் ஒரு குழாய் வரைந்து காட்டினார். காதுக் குழாய் மொத்தமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் மெழுகு சுரக்கிறது. "உங்களுக்கு அடைச்சிருக்கிறது உள்ளே, சவ்வுக்குப் பக்கத்துல. அந்த இடத்துல இது உற்பத்தியே ஆகாது. நீங்கதான் கொண்டுபோய் வெச்சிருக்கீங்க" என்றார்.

எங்கள் ஆச்சி இதைக் குறும்பி என்பார். நாம் காதழுக்கு என்கிறோம். குறும்பி என்று சொன்னால் அது காதில் இருக்கும் ஒரு பொருள். அழுக்கு என்று சொல்லிவிட்டால் உடனே எடுத்தாக வேண்டும். உண்மையில் அது சுரப்பிகளின் எண்ணெய்ப்பசையும் உதிர்ந்த தோலும் சேர்ந்த பூச்சு. கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. தண்ணீரையும் கிருமிகளையும் தூசியையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. காதுக் குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிநோக்கி, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அதற்கு உதவுகிறது. பழைய மெழுகு அந்தத் தோலோடு பயணம் செய்து, தானே வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். இந்த ஏற்பாடு பெரும்பாலான காதுகளில் சரியாகவே நடக்கிறது. சிலருக்குக் குழாய் குறுகலாக இருக்கும், வயதானால் மெழுகு காய்ந்துபோகும், காதுக்கருவி மாட்டுகிறவர்களுக்கு வழி அடைபடும். அவர்களுக்கெல்லாம் பட்ஸ் இல்லாமலே அடைப்பு வரலாம். எனக்கு அப்படி எந்தச் சாக்கும் இல்லை. வாசலை நோக்கி வந்துகொண்டிருந்ததைத் தினமும் காலையில் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். பட்ஸ் நுனியில் ஒட்டி வந்த கொஞ்சத்தைப் பார்த்து, சுத்தம் செய்துவிட்டதாகத் திருப்திப்பட்டேன்.

அன்றைக்கே எடுத்துவிட முடியாது என்றார் டாக்டர். இறுகிப்போனதை இழுத்தால் தோல் கிழியும். ஐந்து நாள் சொட்டு மருந்து. ஒருக்களித்துப் படுத்து, ஊற்றி, ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். சோடியம் பைகார்பனேட், ஆலிவ் எண்ணெய், பெராக்சைடு என்று பலவகைச் சொட்டுகள் இருக்கின்றன. ஒன்றைவிட ஒன்று பெரிதாக உசத்தி என்று நிரூபணமில்லை, ஊறவைப்பதுதான் முக்கியம். மெழுகு ஊறிப் பெருக்கும், அதனால் இன்னும் அடைப்பது போல இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அப்படியே ஆனது, நானும் பயந்தேன்.

ஆறாம் நாள் சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சினார்கள். உடல் சூட்டில் இருக்கும் தண்ணீர். சூடோ குளிரோ கூடினால் தலை சுற்றும். வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாரனி, நோயாளிகளின் காதைக் கழுவும்போது இந்தத் தலைசுற்றலைக் கவனித்து, அதிலிருந்து உடலின் சமநிலை உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தார். அதற்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. எனக்குத் தலை சுற்றவில்லை. கருப்பாகச் சில துண்டுகள் வந்தன, அவ்வளவுதான். மிச்சத்தை மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, மெல்லிய உறிஞ்சு குழாயால் எடுத்தார்கள். காதுக்குள் வாக்குவம் கிளீனர் ஓடுவது போன்ற சத்தம். பிறகு சட்டென்று அறை திறந்துகொண்டது. மின்விசிறிக்கு அப்படியொரு சத்தம் இருப்பதை மறந்தே போயிருந்தேன்.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது மெழுகாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் காத்திருந்ததுபோல் காத்திருக்கக் கூடாது. உள்காது நரம்பு பாதிக்கப்பட்டாலும் அப்படி ஆகும். அதற்கு மருத்துவம் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, காதில் சீழ் வடிந்தாலோ, காதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ வீட்டில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. எனக்கு வெறும் மெழுகாக இருந்தது அதிர்ஷ்டம்.

எடுப்பதற்கு முன்னால் டாக்டர் செய்த ஒரு சோதனைதான் என்னை இதை எழுத வைத்தது. இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" இடது பக்கம், அடைத்த காதில்தான் சத்தமாகக் கேட்டது. தப்பாகச் சொல்கிறேனோ என்று மறுபடி வைக்கச் சொன்னேன். அதே இடது. அடைப்பினால் கேட்காமல் போனால் அப்படித்தான் ஆகும் என்றார். வெளிச் சத்தம் உள்ளே வர முடியாது. எலும்பு வழியாக வரும் சத்தமோ வெளியேற முடியாமல் உள்ளேயே நின்று பெருகும். நம் குரலும் எலும்பு வழியாக நமக்குக் கேட்பதுதான். அந்த ஆறு வாரமும் என் குரல் எனக்குக் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்படிப்பட்டவனுக்குத் தன் காதின்மேல் எப்படிச் சந்தேகம் வரும்?

நண்பனிடம் சொன்னபோது, "விடுடா, தெரியாம செஞ்சதுதானே" என்றான். அந்தச் சமாதானத்தில் நானும் இரண்டு நாள் இருந்தேன். அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில் இதைத்தான் பேசுகிறார். அறியாமல் செய்த செயலுக்காக ஒருவன் பிறகு வருந்தினால், அது அவன் விருப்பத்துக்கு மாறாக நடந்தது என்று சொல்லலாம். வருந்தாதவனை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்கிறார். இதுவரை எனக்குச் சாதகம். ஆனால் குடிகாரனின் உதாரணத்தையும் அவரே சொல்கிறார். போதையில் செய்தவனுக்குத் தண்டனை இரட்டிப்பு. செய்தபோது அவனுக்குத் தெரியாதுதான், ஆனால் தெரியாமல் போனதற்குக் காரணம் அவன். டாக்டர் வரைந்த படம் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் இது உற்பத்தியே ஆகாது.

ஆனாலும் பட்ஸ் போட்டதற்காக என்னைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியவில்லை. நல்லதென்று நினைத்து எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஒவ்வொரு தீர்ப்புக்கு முன்னாலும் காதையும் கண்ணையும் சோதித்துக்கொண்டிருந்தால் யாரும் எதையும் சொல்ல முடியாது. என் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: ஒரு சர்வருக்கு ஒரு இடத்திலிருந்து வரும் செய்தி சிதைந்திருந்தால் அனுப்புகிறவரைப் பார்க்கலாம், எல்லா இடத்திலிருந்தும் வருவது ஒரே நாளில் சிதைய ஆரம்பித்தால் வாங்குகிற பக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம். அப்பா முணுமுணுத்தார், அந்தப் பெண் முணுமுணுத்தார், டீக்கடைக்காரர் மீதிச் சில்லறையை முணுமுணுப்பாகச் சொன்னார். எல்லாம் தலைக்குக் குளித்த அந்த நாளுக்குப் பிறகு. தகவல் என் கையில் இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு காரணம் என்று தனித்தனியாக வைத்திருந்தேன்: அவருக்கு வயது, இவருக்குத் தன்னம்பிக்கை இல்லை, அவருக்கு வாயில் வெற்றிலை. ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அல்லது யாரிடமாவது கேட்டிருக்கலாம். காதால் கேட்பதற்கும் ஒருவரிடம் கேட்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல். "அவங்க பேசறது உனக்குக் கேக்குதா?" என்று பக்கத்து சீட்டுக்காரனிடம் ஒரு தடவை கேட்டிருந்தால், கேட்காதது எனக்குத்தான் என்று தெரிந்திருக்கும்.

அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "உங்க குரல்ல ஒண்ணும் இல்ல. என் காதுதான் அடைச்சிருந்துச்சு. அப்ரைசல்ல தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிருங்க." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இல்ல, காலேஜ்லயும் ஒரு சார் இதையேதான் சொல்வாரு. அதான் நீங்க சொன்னதும் சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். சனிக்கிழமை ஸ்பீக்கிங் கிளாஸ் ஒண்ணுல சேர்ந்திருக்கேன்" என்றார். மெதுவாகத்தான் பேசினார். ஒரு சொல் விடாமல் கேட்டது.

படிவம் பூட்டப்பட்டுவிட்டது, திருத்த வழியில்லை என்று ஹெச்.ஆரில் சொன்னார்கள். என் மதிப்பீட்டில் அந்த வரி தவறு, காரணம் என் காது என்று மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் மெயில் எழுதி, அதைப் படிவத்தோடு இணைக்கச் சொன்னேன். மேனேஜர் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினார். இணைத்தார்களா என்று இரண்டு முறை விசாரித்த பிறகு இணைத்தார்கள். வருந்துவதோடு நின்றுவிட்டால், வருத்தத்தில் எனக்கு மட்டும்தான் லாபம். அந்த வரி அவர் பெயரில் அங்கேயே இருந்திருக்கும். ஆனால் அவர் தன்னைப் பற்றி நம்ப ஆரம்பித்துவிட்டதை எந்த மெயிலால் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. மீட்டிங்கில் அவர் இன்னமும் சாட்டில்தான் எழுதுகிறார். "நீங்களே சொல்லுங்களேன்" என்று கேட்கிறேன். சில நாள் சொல்கிறார்.

அப்பாவிடமும் சொன்னேன். "இப்ப நல்லாக் கேக்குதுப்பா, மெதுவாவே பேசுங்க." "சரி சரி!" என்று கத்தினார். பழகிவிட்டது. போன ஞாயிறு பேச்சு ஒன்பது நிமிடம் போனது.