கரிய கல்லும் ஆராய்ச்சியாளன் பொறுப்பும்

ஒரு பொருளைப் பகுத்து ஆராய்பவனுக்கு, அப்பொருளால் பின்னர் விளையும் தீமையிற் பங்கு உண்டா? இவ்வினா எழும்போதெல்லாம் ஹிரோஷிமாவை நோக்கிக் கைநீட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எம்பிலிப்பிட்டியவில் வாழும் நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமது இரத்தினபுரி மாவட்டத்திலேயே, வடக்கே பலாங்கொடையை அடுத்த மலைச் சாரலில், அக்கதையின் ஓர் இழை தொடங்குகிறது.

அங்கு மாணிக்கம் தேடுவோர் குழியிறங்கி, ‘இல்லம்’ எனப்படும் சரளை மண்ணை வெட்டியெடுத்துக் கூடையிலிட்டு நீரில் அலசுவர். நீலமும் புஷ்பராகமும் தேடும் கண்களுக்குக் கனத்த கரிய மணிகள் வெறும் கழிவே. 1904ஆம் ஆண்டளவில் அம்மணிகள் ஆனந்த குமாரசுவாமியின் கவனத்திற்கு வந்தன. கலையறிஞராக நாம் போற்றும் அவர் அப்போது இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளர். (இதனை நம் மாணவரிற் பலர் அறியார், அறிவிக்கும் பாடநூலும் அரிது.) யுரேனியக் கனிப்பொருளென்றே அவர் முதலில் அதனைக் கருதினார். இலண்டனில் டன்ஸ்டன் செய்த பகுப்பாய்வோ, அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தோரியம் ஒக்சைட்டு என்று காட்டியது. புதிய கனிப்பொருளுக்குத் ‘தோரியனைற்று’ எனப் பெயரிட்டனர். வாயு விளக்கின் மாண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது; கழிவு, சரக்காயிற்று.

அதே ஆண்டில், ஆங்கிலம் பழகும் நோக்கோடு இலண்டன் வந்த ஓட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞரிடம், பேராசிரியர் ராம்சே நூறு கிராம் பேரிய உப்பைக் கொடுத்து, அதில் கலந்திருக்கும் சிறிதளவு ரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு பணித்தார். அவ்வுப்பு இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்டது. கரைத்தும் பளிங்காக்கியும், மீண்டும் கரைத்தும் பளிங்காக்கியும் ஹான் பிரித்தார். ரேடியத்தைவிடப் பன்மடங்கு கதிர்வீசும் இன்னொன்று அகப்பட்டது. 1905இல் அவர் அதற்கு ரேடியோதோரியம் எனப் பெயரிட்டார். ரதர்போர்டு முதலியோர் நம்பத் தயங்கினர், பின்னர் ஏற்றனர். பலாங்கொடைச் சரளை ஓர் இரசாயனவியலாளரைப் புதிய துறைக்கு மாற்றிவிட்டது எனலாம்.

முப்பத்து மூன்றாண்டுகள் கழிந்து, 1938 டிசம்பரில், அதே கைப்பழக்கம் உலகைக் குலுக்கியது. நியூத்திரன் தாக்கிய யுரேனியத்தில் ரேடியம் உண்டாகியிருக்கும் என்றெண்ணி, ஹானும் ஸ்ட்ராஸ்மனும் அதனைப் பேரியத்தினின்று பிரிக்க முயன்றனர். எத்தனை முறை பளிங்காக்கியும் பிரியவில்லை. ஏனெனில் அது பேரியமேதான்! யுரேனிய அணுக்கரு பிளந்திருந்தது. ஏழாண்டுகளுக்குள் குண்டு விழுந்தது. இங்கிலாந்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஹான், செய்தி கேட்டு, தாமே பொறுப்பென்று கலங்கினார்.

அக்கலக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவ்வழக்கில் அவரைக் குற்றவாளியாக்க மாட்டோம். பேரியம் பிரியவில்லை என்று உண்மையை எழுதியவன், அவ்வுண்மையை இன்னொருவன் ஆயுதமாக்கியதற்குக் கழுவாய் தேட வேண்டியதில்லை. 1915இன் கதை வேறு. நச்சுவாயுப் படையில் சேர ஹாபர் அழைத்தபோது, அது போரை விரைவில் முடிக்கும் என்ற வாதத்தை ஏற்று ஹான் சென்றார். அங்கே விளைவு மறைந்திருக்கவில்லை. குளோரின் மனிதனின் நுரையீரலை என்ன செய்யும் என்பது இரசாயனவியலாளர் எவர்க்கும் தெரியும். பின்னாளில் அவர் அதற்காக வெட்கினார். 1957இல் அணுவாயுத ஆக்கத்தில் பங்குகொள்ள மறுத்துக் கோட்டிங்கனில் அறிக்கை விடுத்த பதினெண்மருள் அவரும் ஒருவர். ஆக, பொறுப்பை அளக்கும் கோல் விளைவின் பருமனன்று. செய்தவேளை அவனுக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்துகொள்ள எதை அவன் மறுத்தான் என்பதே கோல்.

இக்கோலைக் குண்டுக்கு மட்டும் வைத்தளப்பதே நம் அறிவாளரின் குறை. ரேடியத்தைக் கண்டறிந்த 1898இற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1879இல், ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரற் புற்றுநோயைப் பற்றி ஹார்ட்டிங், ஹெஸ் என்னும் இரு மருத்துவர்கள் எழுதிவிட்டனர். அதே மலைத்தொடரின் யோவாகிம்ஸ்தாலிலிருந்துதான் கியூரி அம்மையாருக்குக் கனிப்பொருட் கழிவு தொன் கணக்கில் வந்தது. நோயின் காரணம் ரேடான் வாயு என்பது மிகப் பிந்தியே தெளிவாயிற்று. ஆனால் காரணம் தெரியாவிடினும் நோயாளி தெரிந்தார்; அவரைத் தேடிச் செல்வதற்கு ஆய்வுகூடம் காத்திருக்க வேண்டுமா? கியூரி அம்மையாரும் தம் உடலாலேயே விலை கொடுத்தார், உண்மை. எனினும் அவர் தேர்ந்துகொண்ட ஆபத்தும், கூலிக்காகக் குழியிறங்கியவன் அறியாது சுமந்த ஆபத்தும் ஒன்றாகா.

‘ஆய்வுகூடம் இல்லாதிருந்தால் அக்கல் கழிவாகவே கிடந்திருக்கும், மதிப்பைத் தந்தவர் அறிஞரே’ என்பர் சிலர். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால், சரளையை அலசிக் கரிய மணியைப் பிரித்த கையும் பிரித்தெடுத்த கைதானே? முதற் பிரிப்பு ஆற்றங்கரையில் நிகழ்ந்தது. அதனைச் செய்தவர் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை, தேயிலைப் பெட்டியின் மேல் கொழுந்து பறித்தவள் பெயர் இல்லாதது போலவே.

இலங்கைக்கு அணுமின் நிலையம் வேண்டுமா என்னும் பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. மின்சாரத்தின் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள்; ஆண்டாண்டு காலம் கதிர்வீசும் எச்சத்தை எந்த ஊருக்கு அருகில் வைப்பது, அவ்வூராரிடம் எப்போது, எந்த மொழியில் கேட்பது என்பதைப் பற்றி இரசாயனம் கற்ற எத்தனை பேர் இதுவரை வாய்திறந்திருக்கிறார்கள்?